வால்டா எடுத்த வகுப்பு

— மூணாவது தடவையா கேக்குறேன் ரென்சோ. டாக்டர் சீட்டு அனுப்பலையா, இல்ல நீதான் உன் கடையில எங்கயாவது போட்டு மறந்துட்டியா? இதய மாத்திரை தீர்ந்து ரெண்டு நாளாச்சு. படி ஏறினா மூச்சு வாங்குது.

— சீட்டு இப்பல்லாம் கடைக்கு வராது வால்டாம்மா. உங்க போனுக்குத்தான் மெசேஜா வரும். அதுல ஒரு லிங்க் இருக்கும். தொட்டா கட்டங்கட்டமா ஒரு படம் வரும். அதை இந்த மெஷின்ல காட்டினா மாத்திரை உங்க கையில.

— என் போனுக்குத் திருட்டுப் பசங்க மெசேஜ்தான் வந்துச்சு.

— திருட்டுப் பசங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?

— லிங்க் இருந்துச்சே. தெரியாத நம்பர், 'உங்கள் சீட்டு தயார், இங்கே தொடவும்'னு. எழுபத்தெட்டு வயசுல நான் என்ன பாப்பாவா? போன வருஷம் பார்சல்னு ஒண்ணைத் தொட்டு, பேங்க்ல இருந்ததைத் துடைச்சுட்டானுங்க. அன்னையிலேர்ந்து லிங்க்னு கண்ணுல பட்டா அழிச்சுட்டு, நம்பரையும் பிளாக் பண்ணிடுவேன்.

— எத்தனை அழிச்சீங்க?

— நாலு. கடைசி ஒண்ணு இன்னிக்குக் காலைல, டீ ஆறுறதுக்குள்ள.

— நாலும் உங்க மாத்திரைதான். உக்காருங்க.

— உக்கார்றது இருக்கட்டும். டாக்டருக்குத் திருடன் மாதிரிதான் எழுத வருமா? 'வால்டா, முழங்கால் எப்படி இருக்கு'ன்னு ஒரு வரி போட்டிருந்தா நம்பியிருப்பேனே.

— போனைக் குடுங்க. பிளாக்கை எடுத்தாச்சு, கிளினிக்லயும் திரும்ப அனுப்பச் சொல்லிட்டேன். இதோ வந்துடுச்சு. தொடுங்க.

— நீயே தொடு. என் விரல் ஒத்துக்காது.

— சரி, இந்தாங்க மாத்திரை. இன்னிக்குச் சனிக்கிழமை, பன்னெண்டுக்கு மூடணும். இந்த வாரம் மருந்துக்கு ஈ காக்கா வரலை. ஊரே குணமாயிடுச்சு போல.

— யார் யாரு வரலை?

— சொல்லக் கூடாதுதான். ஆனா மெர்வின் வரலைங்கறது மனசை அரிக்குது. புதன்கிழமையே இன்சுலின் வாங்கியிருக்கணும். தனியா வேற இருக்காரு.

— ரென்சோ, செவ்வாய்க்கிழமை பெரியவங்க கிளப்ல நான் ஒரு வகுப்பு எடுத்தேன். ஏமாத்துக்காரங்ககிட்ட மாட்டாம இருக்குறது எப்படின்னு. இருபத்திரண்டு பேர்.

— என்ன சொல்லிக் குடுத்தீங்க?

— லிங்க் இருந்தா அழி. விரல் ஓடாதவங்க போனை வாங்கி நானே அழிச்சேன். மெர்வினோடதையும்தான். எல்லாரும் கை தட்டினாங்க.

— காலைலேர்ந்து அவருக்கு ஆறு தடவை போன் அடிச்சுட்டேன். எடுக்கலை.

— எடுக்க மாட்டான். தெரியாத நம்பரை எடுக்காதேன்னும் சொன்னேன்.

— உங்க போன்லேர்ந்து பண்ணுங்க.

— அதைத்தான் பண்றேன், எடுக்கலையே. தெரிஞ்ச பேர் வந்தாலும் நம்பாதே, பேரையும் திருடுவாங்கன்னு சொன்னேன்.

— அப்ப இன்சுலினை ஐஸ் பெட்டியில வெச்சு நானே கொண்டுபோறேன். கோதுமைக் கிடங்கு தாண்டி பதினெட்டு கிலோமீட்டர்தானே.

— மருந்துக் கடைன்னு சொன்னா கதவைத் திறக்க மாட்டான். நானும் வர்றேன்.

— உங்க குரல் கேட்டாத் திறப்பாருல்ல?

— குரலையும் இப்ப மெஷின் செய்யுதுன்னு பயமுறுத்தி வெச்சிருக்கேன். அதுக்குத்தான் ஆளுக்கொரு ரகசிய வார்த்தை குடுத்தேன், வர்றவங்க அதைச் சொன்னாத்தான் தாழ்ப்பாளைத் தொடணும்.

— அப்பாடா. மெர்வினுக்கு என்ன வார்த்தை?

— எழுதி வெக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டது நான்தான் ரென்சோ. இருபத்திரண்டு வார்த்தை. அவன் காதுல எதைச் சொன்னேன்னு செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மறந்துபோச்சு.