அம்புக்குறியை மறைத்த பச்சைப் பெயிண்ட்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் பொங்கியண்ணன் அவர்களே! சாயப்பட்டறைச் சூட்டில் நின்று குடும்பத்துக்குச் சோறு கொண்டுபோகும் தாய்மார்களே! நல்லூரிலிருந்தும் மங்கலத்திலிருந்தும் வந்து, நாற்காலி போதாமல் நிற்கும் தோழர்களே! பட்டறை நடத்தும் கந்தவேல் உங்களை வணங்குகிறேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பூஸ்டரைப் பற்றிப் பேசுகிறேன். விறகிலிருந்து எடுக்கும் கேஸை அழுத்தி, துணி உலர்த்தும் எந்திரத்தின் பர்னருக்குத் தள்ளுவது அது. நத்தை ஓடு போன்ற இரும்புக் கூடு. உள்ளே ஒரு சக்கரம். சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டக் கூட்டின்மேல் ஓர் அம்புக்குறி.

சென்ற மாதம் ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்தது யார்? நான். பச்சைப் பெயிண்ட் அடித்தது யார்? நான். அழகுக்கு அடித்தேன், அம்புக்குறியையும் சேர்த்தே அடித்தேன்! என்னங்க, முன்வரிசையில் சிரிப்பு? சிரியுங்கள், சிரிக்க வேண்டிய காரியம்தான்.

மறுவாரம் மோட்டார் புகைந்தது. புதுக் காயில் கம்பி சுற்றி வந்த மோட்டாரை மாட்டியபோது இரண்டு ஒயர்கள் இடம் மாறிவிட்டன. சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. கண்டவர் உண்டா? இல்லை. எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கேஸ் அதே வழியில்தான் போகும், அழுத்தம்தான் இருக்காது. அழுத்தம் குறைந்தால் பர்னரை அணைக்க ஒரு ஸ்விட்ச் உண்டு. அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்தது. விறகு ஈரம் என்றேன், மாற்றினார்கள். பில்டர் அடைப்பு என்றேன், கழுவினார்கள். வாசலில் லாரி காத்திருந்தது. உள்ளே துணி ஈரமாகக் கிடந்தது.

ஆபரேட்டர் முனீஸை அழைத்தேன். சாத்தூர்ப் பக்கத்துக்காரர்.

"அந்த ஸ்விட்சக் கட்டிப் போட்டு ஓட்டுங்க."

"அது மட்டும் மாட்டேன் மொதலாளி. அழுத்தம் இல்லாம எரிஞ்சா தீ கொழாய்க்குள்ள ஏறிரும்."

"அப்பறம் என்னத்துக்கு இங்க நிக்கறீங்க? ஊட்டுக்குப் போங்க!"

பதினான்கு பேர் பார்க்க, அப்படிச் சொன்னேன். போகிறவர் என்ன செய்தார்? கத்தினாரா? கெஞ்சினாரா? பூஸ்டரை நிறுத்தினார். சக்கரம் ஓயும்வரை அதன் அச்சையே பார்த்தார். பைக் சாவியால் என் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினார்.

"அம்பு இந்தப் பக்கம் காட்டுது மொதலாளி. சக்கரம் அந்தப் பக்கம் சுத்துது."

சொன்னார், சென்றார். ஒயர்களை மாற்றினோம். பர்னர் அணையாமல் எரிந்தது.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்று வேலைக்குக் கூப்பிட்டேன். "அத்தன பேரு முன்னால போகச் சொன்னீங்க. இங்க தனியா வந்து கூப்பிட்டா எப்படி வர்றது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முதலாளி என்ற வீம்பு என் வாயை மூன்று வாரம் மூடி வைத்திருந்தது.

பெரியோர்களே! அன்று அந்த ஸ்விட்சைக் கட்டியிருந்தால்? பர்னருக்குப் பக்கத்தில் நின்ற பதினான்கு பேரில் ஒருத்தி, சாயம் சரிபார்க்க வந்த என் மகள் அனுப்பிரியா. காலையில் வந்த பதினான்கு பேரும் மாலையில் வீடு திரும்பினார்கள். யாரால்? என்னாலா? நான் வெளியே போகச் சொன்ன மனிதரால்!

முனீஸ்! தூணோரம் நிற்கிறீர்கள், பார்த்துவிட்டேன். ஒதுங்காதீர்கள். அன்று பதினான்கு பேர். இன்று ஐந்நூறு பேர். இத்தனை பேர் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்கிறேன்: தப்பு என்னுதுங்க. நாளைக்குக் காலைல வேலைக்கு வாங்க.

செவிகொடுத்த அவைக்கு நன்றி. என் பேச்சு முடிந்தது. இனிப் பேச வேண்டியவர் அவர். வணக்கம்.