ஒத்திகைப் பாடம்

— சிரிக்காதக்கா. நீ இப்ப என் அக்கா இல்ல, இடைநிலைப்பள்ளியில பாரம் ஒண்ணு மாணவி. நேரா உக்காரு.

— நல்ல கூத்துடி இது! காலையிலருந்து செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி இடுப்பு ஒடிஞ்சு வந்தவ மாணவியாம்ல. சேலைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தேனே, அது பத்தாதா டீச்சரம்மாவுக்கு?

— பத்தாது லா. நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. கோலா சிலாங்கூர் போய் முதல் தடவையா ஒரு கிளாஸ் முன்னாடி நிக்கணும். மணிலா அட்டை வெட்டியாச்சு, சாக்பீஸ் எடுத்து வச்சாச்சு. கணக்குப் பாடத்த மட்டும் யாருக்காச்சும் நடத்திப் பாக்கணும். ப்ளீஸ்க்கா.

— சரி சரி, மூஞ்சியத் தூக்காத. நல்லம்மா வந்திருக்கேன் டீச்சர். நடத்துங்க.

— ஓக்கே. அங்க எல்லாம் மலாய்லதான் நடக்கும். உனக்காகத் தமிழ்லயும் சொல்றேன். பாஹாம்னு கேட்டா புரிஞ்சுதான்னு அர்த்தம்.

— அதுகூடத் தெரியாதா? பசார்ல மீன் வாங்கறவதான நானும்.

— சரி, இந்த வட்டத்தப் பாரு. இத மூணா வெட்டிருக்கேன். அத நாலா வெட்டிருக்கேன். பாஹாம்?

— பாஹாம், டீச்சர்!

— வெரி குட். கீழ எழுதறது மொத்தம் எத்தன துண்டுன்னு. மேல எழுதறது நம்ம அதுல எத்தன எடுத்தோம்னு. பாஹாம்?

— பாஹாம், டீச்சர்!

— பாத்தியா, நான் நல்லாத்தான் சொல்லித் தர்றேன். இப்ப சொல்லு, எது பெரிசு? மூணுல ஒரு துண்டா, நாலுல ஒரு துண்டா?

— பாஹாம், டீச்சர்.

— ஐயோ அக்கா! எது பெரிசுன்னு கேட்டேன்.

— அது யாருக்குடி தெரியும்? நீ அட்டைய ஆட்டிக்கிட்டே நிக்கற.

— அப்ப எதுக்கு வாய் நெறைய புரிஞ்சுது புரிஞ்சுதுன்ன?

— பழக்க தோசம். வாத்தியார் கேட்டா அதத்தான சொல்லணும்?

— யார் சொன்னா உனக்கு?

— யாரும் சொல்ல வேணாம், பட்டா தன்னால வரும். நான் ரிமூவ் கிளாசுக்குப் போனப்ப நீ தவந்துகிட்டு இருந்த. தமிழ்ப்பள்ளி முடிச்ச புள்ளைங்கள பாரம் ஒண்ணுக்கு முன்னாடி, மொழி பழக ஒரு வருசம் தனியா உக்கார வச்சாங்க. இப்ப உங்களுக்கு மலாய், அப்ப எங்களுக்கு இங்கிலீசு. அந்த வாத்தியார் போர்டு நெறைய எழுதிட்டு 'அண்டர்ஸ்டாண்ட்?'னு திரும்புவாரு. தோட்டத்துப் புள்ளைங்க அத்தன பேரும் ஒரே கொரலா 'எஸ் சார்!' ஒரு நாள் நான் மட்டும் எந்திரிச்சு, புரியல சார்னுட்டேன்.

— அடிச்சுட்டாரா?

— அடிச்சிருந்தாக்கூட பரவால்லடி. எல்லாத்தையும் நிக்க வச்சுட்டாரு, மணி அடிக்கற வரைக்கும். ஜெராம் பஸ்ஸுல வர்றப்ப ஒருத்தரும் எங்கிட்டப் பேசல. நம்ம சன்னாசி இருக்கான்ல, என் பக்கத்துல உக்காரவே மாட்டேன்னுட்டான். அதுக்கப்புறம் எது கேட்டாலும் எஸ் சார்தான். பரீட்சையில ஒண்ணும் எழுதத் தெரியல. இவ மண்டையில ஏறாதுன்னு அப்பா தோட்டத்துல வேலை வாங்கற மண்டோர்கிட்டச் சொல்லி வேலைக்காட்டுல சேத்துட்டாரு.

— எங்கிட்ட இத ஒரு வார்த்த சொல்லலியேக்கா.

— என்னத்தச் சொல்ல? இன்னொரு தடவ எந்திரிச்சுக் கேட்டிருக்கலாமேன்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது. வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. எனக்கும் வாய் இருந்துச்சு, நானே பொத்திக்கிட்டேன்.

— நல்ல வேள, உன் மக அப்படி இல்ல. லீவு முழுக்க நான் உக்கார வச்சு நடத்துனேனே, பூங்காவனம் ஒரு சந்தேகம் கேட்டாளா? எல்லாம் டக்கு டக்குனு பாஹாம். அத நம்பித்தான ஹெட்மாஸ்டர்கிட்ட மல்லுக்கட்டுனேன். இவளுக்கு ரிமூவ் வேணாம் சார், நேரா பாரம் ஒண்ணுல, என் கிளாஸ்லயே போடுங்க, நான் பொறுப்புன்னு.

— ம்.

— என்ன 'ம்'?

— அத இப்ப மாத்த முடியுமா நாகு?

— எப்படி முடியும்? கிளாசெல்லாம் பிரிச்சு பேரு ஒட்டியாச்சு. ஏங்க்கா, மொகம் ஏன் இப்படி மாறிப் போச்சு?

— ஒண்ணுமில்ல. நீ பாடத்த நடத்து.

— இரு. பூங்கா! பூங்காவனம்! புது யூனிபோர்ம் போட்டுப் பாத்தது போதும், இங்க வா.

— கூப்பிடாதடி. விட்டுரு.

— வாடா கண்ணு. நாளைக்கு ஸ்கூல்ல சின்னம்மான்னு கூப்பிடக் கூடாது, டீச்சர்னுதான் சொல்லணும், சரியா? இந்த வட்டத்தப் பாரு, நம்ம படிச்சதுதான். எது பெரிசு, மூணுல ஒண்ணா, நாலுல ஒண்ணா?

— பாஹாம், சின்னம்மா.

— எது பெரிசுன்னு கேட்டேன்டா. தமிழ்லதான கேக்கறேன்?

— பாஹாம்.

— அக்கா... என்னக்கா இது?

— நான்தாண்டி சொல்லி வச்சேன். டீச்சருங்க என்ன கேட்டாலும் பாஹாம்னுரு, எதுத்து ஒண்ணும் கேக்காத, மத்த புள்ளைங்க பொல்லாப்பு நமக்கு வேணாம்னு. சின்னம்மா ஆசையா சொல்லித் தர்றா, அவ மனசு நோகக் கூடாதுன்னு. நான் பட்டது எம் புள்ள பட வேணாம்னு நெனச்சேன். இப்படி எங்கையாலயே மண்ண வாரிப் போட்டுட்டேனே!

— நீ என்னக்கா பண்ணுவ. நான் ஒரு தடவையாச்சும் திருப்பிக் கேட்டிருக்கணும். பாஹாம்னா போதும், அடுத்த பக்கம், அடுத்த பக்கம்னு போயிட்டேனே. காலேஜ்ல போய் என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன்?

— அழாதடி. புள்ள மெரண்டு போய் நிக்குது பாரு.

— பூங்கா, இங்க பாரு. உம்மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே புரியலன்னா எந்திரிச்சு, புரியலன்னு சொல்லணும். யாரையும் நிக்க வைக்க மாட்டேன், யாரும் உன்னத் திட்ட மாட்டாங்க. நான் சொல்றது புரிஞ்சுதாடா கண்ணு?

— பாஹாம், டீச்சர்.