அங்கப்பனின் வாட்ச் செயின்

வாட்ச் செயினைக் கையில் மாட்டிக்கொண்டே தென்னைக்குத் தண்ணீர் கட்டினால் எந்த முலாமும் நிற்காது, சார். வியர்வையும் மண்ணும் சேர்ந்து உரசித் தின்றுவிடும். சின்னக் குழந்தைக்குச் சொன்னாலும் இது புரியும். என் தங்கை புருஷன் அங்கப்பனுக்குப் புரியவில்லை.

என் பெயர் ஆறுச்சாமி. கணபதியில் முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்ணூற்று நாலு தை மாதம் தங்கை மாசாணியம்மாளைக் கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்தோம். மண்டபத்தில் மாப்பிள்ளை கையில் பெண்ணின் அண்ணன் வாட்ச் கட்ட வேண்டும். போகிற வீட்டில் அவளை யாரும் மட்டமாகப் பார்த்துவிடக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான் கவலை. ஸ்டீல் செயினைக் கண்ணி கண்ணியாகக் கழற்றித் தேய்த்து, முதலில் நிக்கல் ஏற்றி, அதன்மேல் தங்கம் ஏற்றினேன். மூன்று நாள் வேலை. தங்கச் செயின் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள், நான் சும்மா இருந்தேன்.

ஆடி நோம்பிக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். அத்தனை சொந்தமும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவன் கையைத் தூக்கிக் காட்டினான்.

“பாருங்க, மச்சானோட தங்கம் ஆறே மாசத்துல வெள்ளியாயிருச்சுங்க.”

பந்தியே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாய் வெந்தா போய்விடும்? இருபது வருடத்தில் என் பட்டறைச் சாமான் ஒன்றாவது பல்லிளித்திருக்கிறதா, கேட்டுப் பாருங்கள். என் தொழிலில் கை வைத்துப் பேசினான், ராஸ்கல்.

கை கழுவுகிற இடத்தில் மாசாணி வந்து, “உடுங்கண்ணா, அவரு சும்மா கேலி பண்றாருங்க,” என்றாள். புருஷனுக்குப் பயந்து அப்படித்தான் சொல்வாள், எனக்குத் தெரியாதா? இப்படிப்பட்டவனோடு அவள் எப்படிக் காலம் தள்ளுவாள்? அவளுக்காகத்தான் நான் முடிவெடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். நெசமாலுமே அந்தச் செயின் எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. இன்னொருக்கா முலாம் போட்டுக் குடுங்க.”

“அதுக்கென்னங்க மாப்பிள்ளை, போட்டுட்டாப் போச்சு. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க,” என்றேன்.

தங்கத் தொட்டிக்குப் போடுகிற சயனைடு உப்பு எந்த டப்பாவில் இருந்தது என்று உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அதைத்தான் மோரில் கலந்தேன். ஒரே டம்ளர்தான் கொடுத்தேன். அவன் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு, “நீயும் குடி அம்மணி,” என்று அவளிடம் நீட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் மிச்சம் வைப்பதைத்தான் அவள் சாப்பிடுவாள், குடிப்பாள். எங்கள் வீட்டில் பெண்கள் அப்படித்தான். அது எனக்குத் தெரியாதது அல்ல.

அவள் டம்ளரைத் தூக்கினாள். ‘வேண்டாம் கண்ணு’ என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது, சார். ஆனால் அன்றைக்குப் பந்தியில் அவளும்தான் சிரித்தாள்.