பச்சை விளக்கும் காணாமல் போன கல்யாணமும்

“சாஃப்ட்வேர்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, தம்பி. கல்யாணத்தைத்தான் காணோம்.”

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கேட்ட குரல் இது. அவர் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ நடத்தும் பெண்மணி. பக்கத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் இளைஞர்.

“டிஸ்க்கு நல்லா இருக்கான்னு பாக்கற அந்த சாஃப்ட்வேர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற டிஸ்க்கை மட்டும்தான் பாத்திருக்குக்கா. வெளிய ஒரே பெட்டியில சேத்து வச்ச நாலு டிஸ்க்கும் அதுக்குத் தெரியல.”

“தினம் காலையில அந்தப் பச்சையைப் பாத்துட்டுத்தானே கடையைத் தொறந்தேன்! அந்தப் பெட்டியை மாட்டும்போதே சொல்லக் கூடாதா?”

“மூணு டிஸ்க்குல இருந்தது வந்துருச்சுக்கா. நாலாவதுதான் படிக்க மாட்டேங்குது. அதை மீட்க முடியுதான்னு கடையில ஓட விட்டிருக்கேன்.”

“அதுலதான் கல்யாணப் பொண்ணோட வாப்பா அவளுக்காகக் கையேந்தி துஆ கேட்டது இருக்கு. மனுஷன் போன மாசம் மவுத்தாயி, அடக்கமும் ஆயிடுச்சு. அந்தப் புள்ள வீட்டுக்குத்தான் இப்ப போறேன். என்னன்னு சொல்லுவேன்?”

கொஞ்ச தூரம் போனபின் கடையிலிருந்து இளைஞருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டுத் தயங்கினார்.

“நாலாவதுல அந்தத் துஆ கெடச்சிருக்காம்க்கா. ஆனா படம் ஒரே எடத்துல நின்னுடுதாம். சத்தம் மட்டும் முழுசா இருக்காம்.”

“துஆ முடியற வரைக்குமா?”

“ஆமீன் சொல்ற வரைக்கும்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் புள்ள எங்கிட்ட ‘வாப்பா குரல் வேணும்’னுதான் கேட்டுச்சு, தம்பி.”