பிரேக் பிடிக்காத இறக்கம்

அம்மா: ஏதோ கருகுற வாசனை வருதுங்க.

அப்பா: எவனாவது குப்பை கொளுத்தியிருப்பான். கண்ணாடியை ஏத்து.

அம்மா: இந்த மலைக்காட்டுல யாருங்க குப்பை கொளுத்துறது? ரப்பர் தீயற மாதிரி இருக்கு...

அப்பா: பதினாலு வருஷ வண்டி. வாசனை வரத்தான் செய்யும். வயசானா மனுஷனுக்கே வருது.

அம்மா: பேசாம பஸ்ல வந்திருக்கலாம்.

அப்பா: ஆரம்பிச்சுட்டியா! உங்க அண்ணன் கட்டின புது வீட்டு வாசல்ல நான் சொந்தக் கார்ல போய் இறங்குறது உனக்கே பொறுக்கலை.

அம்மா: எனக்கென்ன பொறாமை? வாங்குனதுல இருந்து எத்தனை தடவை தள்ளியிருக்கேன்... கை காப்புக் காய்ச்சிப்போச்சு.

அப்பா: அது பேட்டரி. மாத்தியாச்சு. மத்தபடி இன்ஜின் கல்லு மாதிரி. டாக்டர் ஓட்டின வண்டின்னு புரோக்கர் சத்தியம் பண்ணான்.

அம்மா: ஊர்ல இருக்குற பழைய காரையெல்லாம் ஒரே டாக்டர்தான் ஓட்டியிருக்காரு போல. அவர் எப்பதான் வைத்தியம் பார்த்தாரோ!

அப்பா: நக்கலு... ம்? அந்தப் பெயின்ட்டைப் பார்த்தியா? முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அம்மா: வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புறவர் நீங்க... மெல்லப் பேசுங்க, பின்னாடி பாப்பா தூங்குறா... ஏங்க, இன்ஜின் சத்தம் ஏன் அடங்கிடுச்சு?

அப்பா: நியூட்ரல்ல விட்டிருக்கேன். இறக்கம்தானே. பெட்ரோல் மிச்சம்.

அம்மா: மலை இறங்கும்போது நியூட்ரலா! பிரேக்கே எல்லாத்தையும் தாங்கணும், சூடேறிடும். கியர்ல போடுங்க.

அப்பா: பார்றா! எந்த டிவியில பார்த்தே? வருஷக்கணக்கா கம்பெனி வண்டி ஓட்டுறவனுக்குப் பாடம் எடுக்குறா.

அம்மா: நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...

அப்பா: உனக்கு என்ன தெரியும் காரைப் பத்தி? வாயை மூடிக்கிட்டு மலையைப் பாரு. எவ்வளவு அழகா இருக்கு...

அம்மா: முன்னாடி வளைவு. வேகம் குறைங்க.

அப்பா: தெரியுது.

அம்மா: குறைங்கன்னா!

அப்பா: குறைச்சுக்கிட்டுத்தான்... இரு...

அம்மா: என்னங்க?

அப்பா: ஒண்ணுமில்லை.

அம்மா: ஒண்ணுமில்லாமலா இப்படி வேர்க்குது?

அப்பா: பெடல்... பெடல் கீழ போயிடுச்சு. பஞ்சை மிதிக்கிற மாதிரி... பிடிக்கலை. பிரேக் பிடிக்கலைடீ!

அம்மா: ஐயோ... சரி. சரி. பதறாதீங்க. கியர். மூணுல போடுங்க.

அப்பா: விழ மாட்டேங்குது! கறகறங்குது...

அம்மா: கிளட்சை முழுசா அமுக்குங்க. ஆக்சிலேட்டரை ஒரு தடவை நல்லாக் கொடுங்க... இப்பத் தள்ளுங்க!

அப்பா: விழுந்துடுச்சு... விழுந்துடுச்சு.

அம்மா: கிளட்சை மெல்ல விடுங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க! மலையை ஒட்டியே போங்க, பள்ளத்துப் பக்கம் வேண்டாம்...

அப்பா: லாரி! எதிர்ல லாரி!

அம்மா: ஹார்ன்! கையை எடுக்காம அடிங்க. லைட்டைப் போடுங்க!

பாப்பா: அம்மா... என்னம்மா சத்தம்?

அம்மா: ஒண்ணுமில்லை கண்ணு. பெல்ட் மாட்டியிருக்கில்ல? தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்கோ. நிமிரக் கூடாது.

அப்பா: போயிட்டான்... மயிரிழையில... கடவுளே...

அம்மா: பெடலை விட்டு விட்டு மிதிச்சுப் பாருங்க.

அப்பா: உயிரே இல்லை அதுல.

அம்மா: அப்ப ரெண்டாவது கியர்.

அப்பா: இன்ஜின் உடைஞ்சிடும்டீ!

அம்மா: உடைஞ்சா உடையட்டும்! போடுங்க!

அப்பா: போட்டுட்டேன்... யப்பா, என்ன கத்து கத்துது...

அம்மா: கத்தட்டும். வேகம் குறையுது பாருங்க. இப்ப ஹேண்ட் பிரேக். பட்டனை அமுக்கினபடியே... கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு... ஒரேயடியா இழுத்தா வண்டி சுத்திடும்.

அப்பா: ஸ்டியரிங்கையும் திருப்பிக்கிட்டு இதையும்... என்னால முடியலை...

அம்மா: நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க. இதை நான் பார்த்துக்கறேன். கையை எடுங்க!

பாப்பா: அம்மா, பயமா இருக்கு...

அம்மா: இதோ நின்னுடும் தங்கம்... அதோ, அங்க! ரோடு போடக் கொட்டின மணல். அதுல ஏத்துங்க.

அப்பா: கவிழ்ந்துடாதா?

அம்மா: திருப்பாம நேரா விட்டா கவிழாது. நேரா... நேரா... நான் இழுக்குறேன்... பிடிச்சுக்கோங்க!

அப்பா: ஏறுது... ஏறுது!

அம்மா: நின்னுடுச்சு. நின்னுடுச்சுங்க... பாப்பா! எங்கயாவது அடி பட்டுச்சா?

பாப்பா: நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அம்மா: எங்க, காட்டு... ஒண்ணுமில்லை, சரியாப் போயிடும்.

அப்பா: கதவைத் திற. நான் இறங்குறேன்.

அம்மா: இருங்க. இன்ஜினை அணைங்க, கியர்லயே இருக்கட்டும். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன்... ம், வச்சுட்டேன். இப்ப இறங்குங்க.

அப்பா: உனக்கு... உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அம்மா: முதல்ல நீங்க சொல்லுங்க. பின்சக்கரத்துக்கிட்ட ஒழுகுதே, அது என்ன?

அப்பா: பிரேக் ஆயிலா இருக்கும்.

அம்மா: இன்னைக்குத்தான் ஒழுகுதா?

அப்பா: பழைய வண்டி... எப்ப எது ஒழுகும்னு யார் கண்டா?

அம்மா: பேட்டரி மாத்த விட்டீங்களே, மெக்கானிக் என்ன சொன்னார்?

அப்பா: அவன் என்ன சொல்லுவான்... ஒண்ணும் சொல்லலை.

அம்மா: தரையைப் பார்த்துச் சொல்லாதீங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

அப்பா: ...பிரேக் பைப் துருப்பிடிச்சு அரிச்சுப்போயிருக்கு, மாத்தாம மலைப்பக்கம் எடுத்துட்டுப் போகாதேன்னான்.

அம்மா: யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிச்சீங்களாக்கும்.

அப்பா: யோசிக்கலை. பைப் வந்து சேர அடுத்த வாரம் ஆகும்னான். அதுக்குள்ள இந்தப் பயணம் வந்துடுச்சு. பஸ்ல போய் இறங்கினா உங்க அண்ணன் ஒரு பார்வை பார்ப்பானே...

அம்மா: அந்த ஒரு பார்வைக்காக இவளைப் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா?

அப்பா: திட்டு. நல்லாத் திட்டு. வாங்கிக்கிறேன்.

பாப்பா: அப்பா, அம்மா ஓட்டுற கார்ல இப்படியெல்லாம் ஆகாது. அதுல ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கு.

அம்மா: பாப்பா, சும்மா இரு.

அப்பா: எந்தக் கார் குட்டி?

பாப்பா: மேல போர்டு வச்ச கார். சொல்லித்தர்ற அக்கா பக்கத்துல உட்காருவாங்க, நான் பின்னாடி. ஒரு நாள் அம்மா மேடெல்லாம் ஏத்துனாங்க, அக்கா கை தட்டுனாங்க! உங்ககிட்டச் சொன்னா சாக்லேட் கிடையாதுன்னு...

அம்மா: போதும். அந்தக் கல்லு மேல உட்கார்ந்து தண்ணி குடி. ரோட்டுப் பக்கம் வரக் கூடாது.

அப்பா: எத்தனை நாளா நடக்குது இது?

அம்மா: நீங்க கார் தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்தே.

அப்பா: அப்ப வண்டி வாங்கும்போது பக்கத்துல ஒண்ணும் தெரியாதவ மாதிரி நின்னியே?

அம்மா: நீங்க கேட்டீங்களா? புரோக்கரைக் கேட்டீங்க, டீக்கடைக்காரரைக் கூடக் கேட்டீங்க.

அப்பா: சரி... என் தப்புதான். இன்னைக்கு உன்னாலதான் மூணு பேரும் முழுசா நிக்கிறோம். ஆனா ஒண்ணு... தெரிஞ்சா நீ வரமாட்டேன்னு சொல்லிடுவேன்னுதான் நான் மறைச்சேன். நீ எதுக்கு மறைச்சே?

அம்மா: விடுங்க. அதோ ஒரு வேன் வருது, கையைக் காட்டுங்க. கீழ யாராவது மெக்கானிக்...

அப்பா: போனா போகட்டும், அடுத்தது வரும். சொல்லு. ஓட்டக் கத்துக்கிட்டா நானா வேண்டாம்னு சொல்லப்போறேன்?

அம்மா: அண்ணன் ஊர்ல எனக்கு வேன் ஓட்டுற வேலை ஒண்ணு பேசி வச்சிருக்குங்க. நானும் பாப்பாவும் திரும்பி வரமாட்டோம்னு... அங்க போய்ச் சேர்ந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.