எமல்டா கேட்ட ரெண்டு நிமிஷம்

பைபிளைக் கொஞ்ச நேரம் மூடி மடியில வெச்சுக்கோங்க... ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மறுபடி வசனத்துக்கு வந்துடுறேன். பாஸ்டர் கதைக்குள்ள போனா கூட்டம் நீளும்னு கடைசி வரிசையில ஒருத்தர் வாட்ச்சைப் பார்க்கிறார். பயப்படாதீங்க பிரதர்... பிரியாணி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்!

நான் அமெரிக்காவுல, ஒஹையோவுல ஊழியம் செஞ்சப்போ நடந்தது. அங்க நம்ம தமிழ்ச் சபை ரொம்பச் சின்னது. மாசத்துல முதல் சனிக்கிழமை, காலையில, யாராவது ஒருத்தர் வீட்டுல உபவாச ஜெபம். அதுக்கு ரெண்டு தூண் உண்டு. ஒருத்தர் தனசிங் அண்ணன், நாசரேத்துக்காரர். இன்னொருத்தர் வில்பிரட் சார், நாகர்கோவில். இருபது வருஷ சிநேகிதம். மீன் வாங்கக்கூட ஒண்ணாத்தான் போவாங்க. ஆனா அது எலெக்‌ஷன் வருஷம்... வெளியிலிருந்து ஆள் வராம எல்லையில மதில் கட்டணுமா வேண்டாமான்னு நாடே அடிச்சுக்குது. இவர் ஒரு கட்சி, அவர் எதிர்க்கட்சி. எந்தக் கட்சின்னு நான் சொல்ல மாட்டேன்! சொன்னா இங்க பாதிப் பேர் அல்லேலூயா சொல்வீங்க, மீதிப் பேர் காப்பி குடிக்கப் போயிடுவீங்க.

நான் ஒரு சட்டம் போட்டேன். ஜெபக்கூட்டத்துல அரசியல் பேசக்கூடாது. ரெண்டு பேரும் கீழ்ப்படிஞ்சாங்க. பேசல... ஒரு வார்த்தை பேசல. என்ன செஞ்சாங்க தெரியுமா?

ஜெபம் பண்ணினாங்க!

தனசிங் அண்ணன் முழங்கால் போட்டு ஆரம்பிப்பார். கூரை அதிரும். "சர்வ வல்லமையுள்ள தேவனே! எருசலேமுக்கே மதில் இருந்ததே ஆண்டவரே! எங்கள் தேசத்துக்கு மதில் வேண்டாம் என்று சொல்லுகிற சில சகோதரரின் மனக்கண்களைத் திறந்தருளும்!"

அந்த ரூம்ல 'சில சகோதரர்'னா யாரு? ஒரே ஒருத்தர்தான்! அவர் விடுவாரா? வில்பிரட் சார் மெல்லிசா, இழுத்து இழுத்து... "அன்பின் பரமபிதாவே... நாங்களும் எகிப்திலே அந்நியராய் இருந்தோமே... தான் விமானத்தில் வந்து இறங்கினதை மறந்து, பின்னால் வருகிறவன் முகத்தில் கதவைச் சாத்துகிற கல்நெஞ்சங்களை உருக்கும் சுவாமி..."

யாருக்கு ஆமென் சொல்றது? இவருக்குச் சொன்னா அவர் கோவிச்சுப்பார். நான் ரெண்டு பேருக்கும் பொதுவா "ம்ம்... ம்ம்"னு சொல்லிக்கிட்டு இருந்தேன். பாஸ்டர் பிழைப்பு அப்படி!

ஒரு சனிக்கிழமை எமல்டான்னு ஒரு தங்கச்சி, லீவு கிடைக்கிறப்ப மட்டும் வர்றவ, வந்திருந்தா. முதியோர் இல்லத்துல வேலை. அவளுக்கு கிரீன் கார்டு இருக்கு, வீட்டுக்காரர் தூத்துக்குடியில. விசாவுக்கு மூணு வருஷக் காத்திருப்பு. செவ்வாய்க்கிழமை அவருக்கு மும்பையில இன்டர்வியூ. உள்ள வந்ததும் எங்கிட்ட சொன்னா, "பாஸ்டர், எங்களுக்காக ஜெபிக்கணும். பத்தே காலுக்கு நான் டியூட்டிக்குக் கிளம்பணும்." நான் என்ன சொன்னேன்? "கண்டிப்பாம்மா!" சொன்னேன்... சொன்ன கையோட மறந்துட்டேன்.

மணி ஒம்பதே முக்கால்... அண்ணன் ஜெபத்துலயே செனட்டுக்குள்ள நுழைஞ்சுட்டார். பத்து... சார் சுப்ரீம் கோர்ட் வாசல்ல நிக்கிறார். பத்தே கால்... அண்ணன் மறுபடி "சில சகோதரர்"னு ஆரம்பிச்சு, மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளியில ஒரு சன்னமான குரல்.

"இயேசப்பா... இந்த ரெண்டு அண்ணாச்சிமாரும் உங்ககிட்ட பேசி முடிச்சதும், எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்கப்பா. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு இன்டர்வியூ. என் பிள்ளை அவங்க அப்பாவை போன்லதான் பார்த்திருக்கா. இங்க சொல்ல நேரம் கிடைக்கல... அதான் நேரா உங்ககிட்டயே சொல்லிட்டுப் போறேன். ஆமென்."

அவ பையை எடுத்துக்கிட்டு எழுந்துட்டா. நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன்... எனக்கு முந்தியே தனசிங் அண்ணன் எழுந்து கதவுகிட்ட நிக்கிறார்.

"ஏ தங்கச்சி, நில்லும்மா... போயிராத!"

வில்பிரட் சார் பின்னாடியே ஓடி வர்றார். "மூணு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா, "நான் வரும்போதெல்லாம் நீங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தீங்க சார்."

அந்த வாசல்ல, செருப்பு குவிஞ்சு கிடக்கிற இடத்துல, மூணு பேரும் நின்னாங்க. தனசிங் அண்ணன் ஜெபிச்சார். "ஆண்டவரே, இவ வீட்டுக்காரரைக் கொண்டு வந்து சேரும்." அவ்வளவுதான். இருபது வருஷத்துல அவர் பண்ணின சின்ன ஜெபம் அதுதான்.

விசா கிடைச்சுதா? இல்ல! எமல்டா சம்பளம் பத்தாது, அமெரிக்காவுல இருந்து இன்னொருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும்னு நிறுத்தி வெச்சுட்டாங்க. அடுத்தவங்க குடும்பத்துக்கு ஜவாப்தாரியா கையெழுத்துப் போடுறது லேசுப்பட்ட காரியமா? யார் போட்டா தெரியுமா? மதில் கேட்டாரே... அவர்! ஃபாரம் எல்லாத்தையும் நிரப்பினது யாரு? வில்பிரட் சார். அதுக்காக ரெண்டு பேரும் கட்சி மாறிட்டாங்கன்னு நினைக்காதீங்க. ஃபாரம் நிரப்புறப்பவும் சண்டைதான்! கடைசியில சார்தான் சொல்வார், "வே, முதல்ல கையெழுத்தைப் போடும், அரசியலை அப்புறம் பேசலாம்!" நாலு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை ஏர்போர்ட்டுல அப்பா தோள்ல ஏறினா. நான் பக்கத்துல நின்னேன்... அழுதுட்டேன்.

பிரியமானவங்களே, ஓட்டுப் போடுங்க. மனசாட்சிப்படி போடுங்க. உங்க கட்சியை விடச் சொல்லி நான் கேக்கல. ஆனா சகோதரனுக்குக் குத்தல் அனுப்ப ஆண்டவரைத் தபால்காரர் ஆக்காதீங்க. அன்னைக்கு எமல்டா வாயைத் திறக்காமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் "அருமையான ஜெபக்கூட்டம்"னு சொல்லிக்கிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன்! அதை நினைச்சா எனக்கு இப்பவும் வெட்கமா இருக்கு. தேசத்துக்காக ஜெபிக்கிறோம்... பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கிறதும் தேசம்தானே?

சரி, இப்ப ஜெபிக்கலாம். இல்ல... யாரும் கண்ணை மூடாதீங்க. பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பாருங்க. "உங்களுக்கு என்ன ஜெபிக்கணும்?"னு கேளுங்க...

கேளுங்க. நான் காத்திருக்கேன்.