அவர் எங்கே என்று கேட்பார்களா

ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. ரயில் ஹென்டர்சன் நிலையத்தை விட்டதிலிருந்து முன் இருக்கைக்காரிகள்தான் சத்தமாகக் கதைத்தார்கள். இரண்டு பேரும் கலியாணத்துக்குப் பட்டுடுத்தியிருந்தார்கள். ஒருத்தி மலேசியாக்காரி. மற்றவள் யாழ்ப்பாணம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இலங்கை ஆசியான் நாடுகளின் கூட்டமைப்பில் சேர வேண்டுமா என்பதுதான் கதை.

“சேரட்டும் அக்கா. எங்க மலேசியாவும் அதுலதான் இருக்கு. நாலு நாடு கூட நின்னா பலம்தானே லா.”

“சேர்ந்தால் அந்த நாடுகள் இலங்கையைக் கேள்வி கேக்குமோ?”

“என்ன கேள்வி அக்கா?”

“சண்டை முடிஞ்ச நேரம் என்ரை மனுசனை நான்தான் கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்டைக் குடுத்தனான். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவங்கள். அவர் எங்கை எண்டு கேப்பினமோ?”



“கேக்க மாட்டாங்க அக்கா. ஒருத்தர் வீட்டு விஷயத்துல இன்னொருத்தர் தலையிடக் கூடாது. அங்க அதான் வழக்கம்.”

“அப்ப எங்கட சொந்தக்காரரைவிட நல்ல ஆக்கள்” என்று அவள் சிரித்தாள். “இவை ஒவ்வொரு கலியாணத்திலையும் கேப்பினம், இன்னும் ஏன் பொட்டு வைக்கிறாய் எண்டு. இண்டைக்கும் கேப்பினம், பாரன். அவர் எங்கை எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

இறங்கும் இடம் வந்தது. அவள் எழும்பாமல் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“கலைஞ்சிட்டுதோ பார்.”

மலேசியாக்காரி பட்டுத் தலைப்பால் பொட்டின் ஓரத்தைத் துடைத்து, வட்டமாக்கிவிட்டாள்.

“இப்ப நல்லா இருக்கு அக்கா. வாங்க.”